பையில் கண்ட சீட்டு

புளியரை
12.06.2024

அன்புள்ள அண்ணனுக்கு, கற்பகம் எழுதிக்கொள்வது. நானும் பிள்ளைகள் இரண்டும் சுகம். உன் சுகத்தையும், உன்னோடு மட்டாஞ்சேரியில் இருக்கிற உன் மாப்பிள்ளையின் சுகத்தையும் எழுது.

கையில் போன் இருக்க இவள் எதற்குத் தபால் போடுகிறாள் என்று சிரிப்பாய். நீங்கள் இரண்டு பேரும் ஒரே அறை. நான் பேசினால் உன் போன் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தும். இது அவர் காதுக்குப் போகக் கூடாத விஷயம். அதனால்தான் உன் கடைக்கு எழுதாமல் ஷாஃபி சாயாக்கடைக்கு எழுதுகிறேன். நீயும் வீட்டுக்கு எழுதாதே, மாமியார் பிரித்துவிடுவாள். நான் சமைக்கிற பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு எழுது.

பேச்சி மதினி இறந்தபோது, அண்ணன் ஒற்றை ஆளாகத் துணி மூட்டை தூக்கவும் தேய்க்கவும் முடியாது என்று நான்தான் என் வீட்டுக்காரரை உன்னிடம் அனுப்பினேன். பத்து மாதம் ஆகிறது. முன்னெல்லாம் தினமும் போன் வரும். இப்போது ஒரு மாதமாகச் செவ்வாய்க்கிழமை மட்டும் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை போன் அணைந்திருக்கிறது. கேட்டால் சார்ஜ் இல்லையாம். செவ்வாய்க்கிழமைக்கென்று சார்ஜ் இறங்குகிற போன் எந்தக் கடையில் விற்கிறது? அதோடு, “அண்ணன்கிட்ட ஒண்ணும் கேக்காத” என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

கண்ணைத் திறந்து வைத்துப் பார். பார்த்ததை எழுது.

உன் தங்கை,
கற்பகம்


மட்டாஞ்சேரி
21.06.2024

தங்கச்சி கற்பகத்துக்கு அண்ணன் நல்லசிவம் ஆசீர்வாதம். இங்கே இஸ்திரிப் பெட்டி சுகம். சிரட்டைக் கரி சுகம், மழையில் கொஞ்சம் நமத்திருக்கிறது. ஷாஃபி சுகம், அவன் சாயாவுக்குத்தான் சீக்கு. உன் புருஷன் வெங்கிடேஸ்வரன் சுகமோ சுகம், முதலில் வயிறு வருகிறது, அதற்கப்புறம்தான் அவன் வருகிறான். மருமகப் பிள்ளைகளுக்கு மாமன் முத்தம்.

உன் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு இரண்டு சாயா செலவாயிற்று. மூன்றாம் வகுப்போடு வாத்தியாருக்கு விடுதலை கொடுத்தவன் நான் என்பதை மறந்து நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். ஷாஃபி வேறு, “அண்ணாச்சிக்கு யாரு லவ் லெட்டர் அயக்குறது?” என்று தன் மலையாளத் தமிழில் கேட்டு, கடையில் இருந்த அத்தனை பேரையும் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டான்.

உன் புருஷனை எந்தப் பெண் பார்ப்பாள் என்றுதான் முதலில் சிரித்தேன். அப்புறம் யோசித்தேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவன் கடையில் இல்லாதது உண்மைதான். கரி வாங்கப் போகிறேன் என்று போகிறான். திரும்பி வரும்போது கையில் கரி இருக்கிறது. ஆனால் கரி வாங்கப் போகிறவன் பச்சைச் சட்டை போட்டுத் தலை வாரிக்கொண்டு போவானா?

உனக்காக ராத்திரிகூடக் காவல் இருந்து பார்த்தேன். பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நான்கு மணி, மூன்று நேரமும் அவன் பாயில்தான் கிடந்தான். குறட்டைக்கு நான் சாட்சி. போலீஸ் வேலையில் சேர்ந்துவிட்டேன், தொப்பி அனுப்பு.

நல்லசிவம்


புளியரை
03.07.2024

அண்ணனுக்கு,

பெட்டி சுகம் கரி சுகம் என்று நீ எழுதியதைப் படித்துச் சமையல்கட்டில் சிரித்தேன், சோறு அடிப்பிடித்தது. பிள்ளைகளுக்குச் சளி, மற்றபடி சுகம்.

சிரிப்பு இருக்கட்டும். பச்சைச் சட்டை நான் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. எனக்கு முன்னால் ஒரு தடவைகூட அதைப் போடவில்லை. நிறம் பிடிக்கவில்லையாம். இப்போது யாருக்குப் பிடித்திருக்கிறது?

அவர் சட்டையைத் துவைப்பதும் தேய்ப்பதும் நீதானே. பையைப் பார். துணி வெளுக்கிறவர் வீட்டில் பிறந்த எனக்குத் தெரியும், மனிதர் வாயால் மறைப்பதைப் பை மறைக்காது.

கற்பகம்


மட்டாஞ்சேரி
14.07.2024

தங்கச்சிக்கு ஆசீர்வாதம். இங்கே மழை சுகமாக இருக்கிறது, துணிதான் காயவில்லை. எதிர்வீட்டுப் பூனை நான்கு குட்டி போட்டுத் தாயும் பிள்ளைகளும் நலம். பிள்ளைகளின் சளிக்குக் கற்பூரவள்ளி கொடு.

பையைப் பார்க்கச் சொன்னாய். அப்பா வைத்த சட்டம் உனக்கு நினைவிருக்கும். பையில் கண்டது எதுவானாலும், தேய்த்து மடித்த அதே சட்டையின் மேல் வைத்து, அந்தச் சட்டைக்காரரின் கையிலேயே கொடுக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். இந்தக் கையில் எத்தனை கடந்து போயிருக்கிறது. ஒரு பாதிரியாரின் பல்செட், ஒரு கல்யாணப் பெண்ணின் தோடு, ஒரு போலீஸ்காரர் எழுதிய காதல் கடிதம். எல்லாவற்றையும் சட்டை மேல் வைத்துக் கொடுத்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். அதனால் பார்த்தேன், எடுக்கவில்லை. வைட்டிலாவுக்குப் போன பஸ் டிக்கெட். அங்கிருந்து திருப்பூணித்துறைக்கு இன்னொன்று. மட்டாஞ்சேரியில் கிடைக்காத கரி திருப்பூணித்துறையில் கிடைக்கிறதாம்.

இன்னொன்று சொல்கிறேன், கோபப்படாதே. அக்கரையில் இருக்கிற வைப்பின் தீவு வீடுகளுக்கு மூட்டை கொண்டுபோவது எப்போதும் என் வேலை. கோட்டைக்கொச்சி ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், போட் ஏறிப் போய் வருவேன். மே மாதத்திலிருந்து உன் புருஷன் என்னைப் போக விடுவதில்லை. மூட்டையைத் தோளிலிருந்தே பிடுங்கிக்கொள்கிறான். நான் ஜெட்டிப் பக்கம் காலாற நடந்தால்கூடப் பின்னாலேயே வருகிறான். வைப்பினில் ஒருத்தி, திருப்பூணித்துறையில் ஒருத்தி என்றால் மாப்பிள்ளைக்கு உடம்பு தாங்காது.

திங்கட்கிழமைச் சேலைகளில் மட்டும் நான் அவனைக் கை வைக்க விடுவதில்லை. ஏழு சேலை, ஒரே வீடு, பழைய வாடிக்கை. அன்று நான் தேய்ப்பதையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். தொழில் படிக்கிறான் என்று நினைக்கிறேன்.

நல்லசிவம்


புளியரை
25.07.2024

அண்ணனுக்கு,

இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் தலைவலி. வேறென்ன வரும்.

நேற்று போனில் அவரிடம், வைப்பின் எப்படி இருக்கும், என்னை ஒருநாள் கூட்டிப்போங்கள் என்று சும்மா கேட்டேன். “அங்க என்னத்துக்கு நீ?” என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குக் குரல் தெரியாதா.

ஓணம் வரை பொறுப்பேன். அதற்குள் விஷயம் வெளியே வராவிட்டால் நானே வந்து அவரைக் கையோடு ஊருக்குக் கூட்டி வந்துவிடுவேன். நீ வேறு ஆள் பார்த்துக்கொள்.

ஆவணியில் மதினிக்கு வருஷத் திதி வருகிறது. என்ன செய்யப் போகிறாய் என்று எழுது.

கற்பகம்


மட்டாஞ்சேரி
06.08.2024

தங்கச்சிக்கு ஆசீர்வாதம். ஷாஃபி புதிதாக ஒரு கண்ணாடி அலமாரி வாங்கியிருக்கிறான், அதுவும் அதனுள் இருக்கிற பழம்பொரியும் சுகம். உன் தலைவலிக்குப் புருஷன்தான் காரணம் என்றால் தைலம் தடவிப் பயனில்லை.

கேஸ் முற்றுகிறது, கேள். உன் புருஷன் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறான். கரி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறான். நான் பார்த்தேன். தேதி, அதற்கு நேரே ஒரு எண், அவ்வளவுதான். மூன்று, இரண்டு, மூன்று, நான்கு, இரண்டு. பத்துக்கு மேலே ஒன்றுமில்லை. லாட்டரிக்காரர்கள் கடைசி எண்ணைக் குறித்து வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பெண் இல்லை, லாட்டரி என்றால் உனக்குப் பாதி நிம்மதி.

ஆனால் ஒன்று இடிக்கிறது. தினமும் காலையில் எழுந்ததும் என்னிடம் கேட்கிறான்: “மச்சான், நேத்து எத்தன மணிக்குக் கண்ணசந்தீக?” எதற்கு இந்த விசாரணை? நான் எப்போது தூங்குகிறேன் என்று தெரிந்தால்தானே அவன் எழுந்து போக முடியும். நான் விடுவேனா? “உன் குறட்டை நின்னதுக்கு அப்புறம்ல” என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். சாப்பாட்டுத் தட்டைக்கூட எட்டிப் பார்க்கிறான். மிச்சம் வைத்தால் முகம் சுருங்குகிறது. சோற்றில் ஏதாவது கலக்கிறானோ என்று ஒருநாள் பூனைக்கு வைத்துப் பார்த்தேன். பூனை நன்றாக இருக்கிறது.

கடையில் ஒரு வக்கீல் வேட்டி கருகிப்போயிற்று. பெட்டியை வைத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். எல்லாம் உன் புருஷனைப் பற்றிய யோசனைதான்.

நல்லசிவம்


புளியரை
13.08.2024

அண்ணனுக்கு,

நலம். மதினி திதியைப் பற்றி நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

லாட்டரிக்குப் பச்சைச் சட்டை வேண்டாம். உன்னைத் தூங்கவைத்துவிட்டுப் போகிற இடம் எது என்று எனக்குத் தெரிய வேண்டும். கையில் பிடித்துக் காட்டுகிற மாதிரி ஒன்று அனுப்பு, அதை வைத்துத்தான் பேச முடியும். இல்லையென்றாலும் ஓணத்துக்கு முந்தின நாள் வண்டி ஏறுகிறேன். அவர் துணிமணியைக் கட்டி வைத்துவிடு.

கற்பகம்


மட்டாஞ்சேரி
30.08.2024

தங்கச்சிக்கு ஆசீர்வாதம். மழை விட்டு வெயில் சுகமாக இருக்கிறது. பூனைக்குட்டி நான்கில் ஒன்றை ஷாஃபி எடுத்துக்கொண்டான்.

எழுதத் தாமதம். கை வேலை.

உன் கடிதத்தைப் படித்தேன். அவனைக் கூட்டிப்போவது பற்றிக் கொஞ்சம் யோசி. வைப்பினுக்கு மூட்டை தூக்க ஆள் வேண்டும். இங்கே வருகிற பையன்கள் பெட்டியைத் தொட்டால் சட்டையில் கருகிய கப்பல் படம் வந்துவிடும். இவனுடைய குறட்டை இல்லாவிட்டால் அறை ரொம்பப் பெரிதாக இருக்கும். கண்டித்துவிட்டு இங்கேயே விட்டுவிடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் நீ கேட்டதைச் செய்துவிட்டேன். பச்சைச் சட்டைப் பையில் ஒரு நீலச் சீட்டு இருந்தது. அப்பா சட்டத்தை முதல் தடவையாக மீறி எடுத்து வைத்திருக்கிறேன். இதோடு வருகிறது. எல்லாம் மலையாள எழுத்து. இத்தனை வருஷம் இந்த ஊரில் மலையாளம் பேசுகிறேன், சண்டையே போடுவேன், ஆனால் பஸ் போர்டைக்கூட நிறம் பார்த்துத்தான் ஏறுகிறேன். ஷாஃபியிடம் காட்டினால் சாயங்காலத்துக்குள் மட்டாஞ்சேரி முழுக்கத் தெரிந்துவிடும், உன் புருஷன் மானம் நம் மானம். அங்கே எல்லைப்பக்கத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். படித்துப் பார்த்து அவள் பேரைக் கண்டுபிடி.

மாப்பிள்ளை இரண்டு நாளாகச் சீட்டைத் தேடுகிறான். என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

நல்லசிவம்


புளியரை
09.09.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சீட்டை எங்கள் பள்ளிக்கூடத்து ஷபானா டீச்சர் படித்துச் சொன்னார்கள். அவர்களுடைய அம்மா வீடு கேரளத்துப் புனலூர், மலையாளம் படிப்பார்கள். வெளியே யாரிடமும் சொல்ல மாட்டார்கள்.

அதில் ஒரு பேர் இருந்தது. அவள் பேர் இல்லை, உன் பேர்.

திருப்பூணித்துறை ஆஸ்பத்திரி. நல்லசிவம், வயது ஐம்பத்தொன்று, மட்டாஞ்சேரி. கூட வந்தவர் வெங்கிடேஸ்வரன். செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. மனநல ஆலோசனை. கீழே கையால் எழுதியிருக்கிறது: ஆள் நேரில் வரவில்லை, உறவினர் மட்டும் வந்தார்.

டீச்சர் இரண்டு தடவை படித்தார்கள். நான் பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் அவருக்குப் போன் போட்டேன். முதலில் மழுப்பினார். சீட்டு என் கையில் இருக்கிறது என்றதும் அழுதுவிட்டார். கல்யாணமாகி இன்றுதான் அவர் அழுது கேட்கிறேன்.

“நேர்ல கூப்பிட்டா மச்சான் சிரிச்சே என்னைய அனுப்பிருவாக கற்பகம். அதான் எப்படிக் கூப்பிடணும்னு கேட்டுக்கப் போனேன்” என்றார்.

மே மாதம் ஒருநாள் வைப்பினுக்குப் போன உன்னைக் காணாமல் அவர் தேடி வந்தாராம். ஜெட்டியின் ஓரத்தில் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாயாம். நான்கு போட் வந்து போயிற்றாம், நீ ஏறவில்லை. அவர் தோளைத் தொட்டதும், “போட்டுக்கு இஸ்திரி போடலாமான்னு பாக்கேன்” என்று சொன்னாயாம். நோட்டில் இருப்பது லாட்டரி இல்லை. ராத்திரி நீ எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்கிற கணக்கு. சில ராத்திரி பொய்க் குறட்டை விட்டு, உனக்குத் தெரியாமல் விழித்துக் கிடந்து எண்ணியிருக்கிறார். நீ அவரைக் காவல் காத்தாய், அவர் உன்னை.

அந்த ஏழு சேலை யாருடையது என்றும் சொன்னார். அண்ணே, பேச்சி மதினி சேலையை ஒரு வருஷமாக வாரா வாரம் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்க்கிறாயே, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா?

உன் கடிதத்தை எல்லாம் எடுத்து வைத்துத் திரும்பப் படித்தேன். பெட்டி சுகம், கரி சுகம், பூனை சுகம், ஷாஃபி சுகம். நான் சுகம் என்று ஒன்றிலும் நீ எழுதவில்லை. பொய் எழுத உனக்குக் கை வரவில்லை. எனக்குப் படிக்கத் தெரியவில்லை. நான் என் புருஷனைச் சந்தேகப்பட்டதில் என் அண்ணனைப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

நான் ஓணத்துக்கு வரவில்லை. அவர் அங்கேயே இருப்பார். பையில் கண்டதை அதற்குரியவர் கையில் கொடுப்பதுதான் அப்பா சட்டம். சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். உன்னுடையது, வாங்கிக்கொள்.

கற்பகம்


புளியரை
04.10.2024

அண்ணே,

பதில் இல்லை. போன் போட்டால் எடுத்து, வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். ஷாஃபிக்குப் போன் போட்டுக் கேட்டேன். “அண்ணாச்சி லெட்டர நின்னுக்கிட்டே வாசிச்சு, சாயா குடிக்காமப் போயிட்டாரு, கேட்டோ” என்று அவருடைய மலையாளத் தமிழில் சொன்னார்.

என் மேல் கோபமா? கோபமாகவே இரு. அவர் மேல் கோபப்படாதே.

நாங்கள் நலம். உன்னைத்தான் கேட்கிறேன்.

கற்பகம்


மட்டாஞ்சேரி
07.11.2024

தங்கச்சி கற்பகத்துக்கு அண்ணன் நல்லசிவம் ஆசீர்வாதம். நான் சுகமாக இல்லை. மற்றபடி பெட்டி, கரி, பூனை எல்லாம் சுகம்.

உன் கடிதம் படித்து மாப்பிள்ளையோடு மூன்று வாரம் பேசவில்லை. என்னைப் பைத்தியக்காரன் என்று ஆஸ்பத்திரியில் எழுதி வைத்துவிட்டான் என்று ஆத்திரம். இவனும் நீயும் சேர்ந்து கடையை வளைக்கப் பார்க்கிறீர்கள் என்றுகூட ஒருநாள் தோன்றியது. இரண்டு இஸ்திரிப் பெட்டிக்கும் ஒரு மேசைக்கும் இவ்வளவு பெரிய சதியா என்று எனக்கே சிரிப்பு வந்தது. சீட்டை மேசைக்கு அடியில் போட்டுவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் வெள்ளைச் சட்டையைக் காணோம். பார்த்தால் மாப்பிள்ளை தேய்த்து மடித்து வைத்திருக்கிறான். காலரில் இரண்டு கோடு, கையில் ஒரு சுருக்கம், கண்ணால் பார்க்க முடியவில்லை. அதன் மேல் அந்த நீலச் சீட்டு. வாடிக்கைக்காரரிடம் கொடுப்பது போல இரண்டு கையாலும் நீட்டிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். நம் கடைச் சட்டத்தை என்னிடமே செய்தால் நான் என்ன பண்ண? அந்தச் சுருக்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

அங்கே ஆலோசனை சொல்கிற அம்மாள் பேர் அனந்தலக்ஷ்மி. பாலக்காட்டுத் தமிழ். உள்ளே போனதும் ஜன்னல் திரை மடிப்பு சரியில்லை, எங்கள் கடைக்கு அனுப்புங்கள் என்றேன். சிரித்தார்கள். அப்புறம் அரைமணி நேரம் நான்தான் அவர்களைச் சிரிக்க வைத்தேன். பேசுவதற்கு ஒரு ஆஸ்பத்திரியா, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு கண் திறந்தே இருந்தது. கடைசியில் மெதுவாகக் கேட்டார்கள்: “அந்த ஏழு புடவையையும் தேய்ச்சு, யாருக்குக் கொண்டு குடுக்கறேள்?”

எனக்கு ஒரு கேலி வாய் வரைக்கும் வந்தது. அது வெளியே வரவில்லை. சட்டைக்காரர் இல்லாத சட்டையை என்ன செய்வது என்று அப்பா சொல்லித் தரவில்லையே தங்கச்சி. அழுதேன் என்று எழுத வேண்டாம் என்றுதான் பேனா எடுத்தேன். எழுதிவிட்டேன்.

ஜெட்டியில் எதற்கு நின்றேன் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். உனக்கு இப்போது எழுதவில்லை. அன்றைக்கு மாப்பிள்ளை தோளைத் தொட்டான், அது போதும்.

ஐந்து செவ்வாய் போய்விட்டது. ஒரு மாத்திரையும் தந்திருக்கிறார்கள். இன்னும் சில நாள் பெட்டி கையில் சூடாக இருப்பதே தெரிவதில்லை. சில நாள் தெரிகிறது. திதியும் முடித்துவிட்டேன், தாமதமாகத்தான். மாப்பிள்ளை பச்சைச் சட்டை போட்டு வந்து நின்றான். ஆஸ்பத்திரிக்கு மரியாதையாகப் போக வேண்டும் என்றுதான் அதை எடுத்து வைத்தானாம். நிறம் அவனுக்கு இன்னும் பிடிக்கவில்லை, நீ வேறு வாங்கிக் கொடு.

உன் மதினியின் மாம்பழ நிறச் சேலை இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது. துவைத்துக் காயவைத்தது, தேய்க்கவில்லை. நீயே தேய்த்துக் கட்டிக்கொள். மிச்சம் ஆறு என்னிடம்தான் இருக்கிறது, கேட்காதே.

நோட்டு இப்போது மேசை மேலேயே கிடக்கிறது. நேற்றைக்கு எதிரே ஐந்து என்று எழுதியிருக்கிறான். நான் நான்கரை மணி நேரம் தூங்கினேன் என்றுதான் சொன்னேன். கள்ளக் கணக்கு எழுதுகிறான் உன் புருஷன், அவன் மேல் ஒரு கண் வை.

நல்லசிவம்